அம்மி பறக்கிற ஊரில் பேனல் போடுறவங்களுக்கு

கம்பத்திலிருந்து தேனிக்கு பஸ்ஸில் வரும்போது ஜன்னல் ஓர சீட் கிடைத்தால், ஒரே ஒரு தடவை போனை உள்ளே வைத்துவிட்டு மொட்டைமாடிகளைப் பாருங்க. உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று வழி நெடுக வெயிலில் பளபளக்கும் சோலார் பேனல்கள் தெரியும். நாம் ஸ்கூல் படிக்கும்போது தண்ணீர் டேங்கும் டிஷ் ஆன்டெனாவும் மட்டும் இருந்த மாடிகள் அவை.

முதலிலேயே சொல்லிடறேன், நான் சோலாருக்கு எதிரி இல்லை. நம்ம பள்ளத்தாக்கில் இன்னும் ஆயிரம் வீட்டில் பேனல் ஏறினால் ஆயிரம் தடவை சந்தோஷப்படுவேன். ஆனால் ஒரு கேள்வி ரொம்ப நாளாக உறுத்துகிறது. பேனலுக்கு 25 வருஷம் உத்தரவாதம் தருகிறார்கள். அதைத் தாங்கப் போகிற கூரைக்கு யார் உத்தரவாதம்?

அத்தை வீட்டு வாளி

என் அத்தை வீடு தேவாரம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறது. 1990களில் கட்டிய காங்கிரீட் வீடு. போன வருஷம் 3 கிலோவாட் சோலார் போட்டார்கள். இடம் பார்க்க வந்தவர் மாடியில் இருந்தது மொத்தம் 20 நிமிஷம். டேப் பிடித்தார், நாலு போட்டோ எடுத்தார், "தாராளமா இடம் இருக்கும்மா" என்றார். வீட்டுக்குள் வந்து ஒரு தடவைகூட அண்ணாந்து பார்க்கவில்லை. இரண்டே நாளில் வேலை முடிந்தது. மானியம் 78,000 ரூபாய் பேங்க் கணக்கில் ஏறியது. கரண்ட் பில்லும் குறைந்தது. அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை.

ஐப்பசி மழை வந்தது. நடு ரூமில் சொட்ட ஆரம்பித்தது.

பேனல் போட்டவரைக் கூப்பிட்டால், "பழைய வீடும்மா, ஏற்கனவே ஒழுகியிருக்கும்" என்கிறார். கொத்தனாரைக் கூப்பிட்டால், "தட்டோட்டைத் துளைச்சதுதான் காரணம், அவங்ககிட்டயே கேளுங்க" என்கிறார். ஒழுகலை முழுசாகச் சரி செய்யணும் என்றால் பேனலைக் கழற்றி, தளத்தைச் செப்பனிட்டு, மறுபடி மாட்டணும். அந்தச் செலவு யாருடையது? மேலே மின்சாரம் இறங்குகிறது, கீழே வாளியில் தண்ணீர் இறங்குகிறது. லோன் தவணை மட்டும் மாசம் தவறாமல் போகிறது.

அத்தை என்னைத்தான் கேட்டாங்க: "நீ இன்ஜினியருக்குத்தானப்பா படிக்கிற, யார் மேல தப்புன்னு நீயே சொல்லு." என்னால் சொல்ல முடியவில்லை. பேனல் ஏறுவதற்கு முன்னால் அந்தக் கூரை எப்படி இருந்தது என்பதற்கு ஒரு போட்டோ, ஒரு வரி எழுத்து யாரிடமும் இல்லை. சாட்சி இல்லாத வழக்கில் இரண்டு பேரும் நல்லவங்கதான்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. பேனல் ஏறும் முன் கூரையை ஒருத்தர் பார்த்து, எழுதி, கையெழுத்துப் போட்டு, வீட்டுக்காரர் கையில் ஒரு தாள் கொடுக்கணும். அந்த ஒருத்தர் பேனல் விற்கிறவராக இருக்கக்கூடாது.

திட்டம் கேட்பதும் கேட்காததும்

2024 பிப்ரவரியில் 'பி.எம். சூர்ய கர்' திட்டம் தொடங்கியது. ஒரு கோடி வீடுகள், 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீடு. 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். அதே மாதம் திருத்தப்பட்ட மின்சார நுகர்வோர் உரிமை விதிகள் இன்னொரு வேலையையும் சுலபமாக்கின. 10 கிலோவாட் வரை தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு இல்லாமலே விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும். நல்ல விஷயம், அலைச்சல் குறையும்.

ஆனால் அந்த ஆய்வே மின் இணைப்பு சம்பந்தப்பட்டது. டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா, லைன் தாங்குமா என்பது அதன் கேள்வி. தளம் தாங்குமா என்ற கேள்வி, நடைமுறையில், இடம் பார்க்க வருகிறவர் தலையில்தான் விழுகிறது. அவருக்கு அன்று இன்னும் நாலு வீடு பார்க்கணும். ஆர்டர் பிடித்தால்தான் அவருக்குச் சம்பளம். "இந்தக் கூரை சரிப்படாது" என்று அவர் வாயாலேயே சொல்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமா? நான் அவரைக் குறை சொல்லவில்லை. ஒரே ஆளிடம் விற்பனையையும் தீர்ப்பையும் சேர்த்துக் கொடுத்த ஏற்பாட்டைத்தான் சொல்கிறேன்.

2011இல் தமிழக அரசு பசுமை வீடுகள் திட்டம் கொண்டுவந்தது ஞாபகம் இருக்கா? 300 சதுர அடி வீடு, அதில் 5 சோலார் விளக்கு. அங்கே வீடும் சோலாரும் ஒரே திட்டத்தில் ஒன்றாகப் பிறந்தவை. இன்று 1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி என்று கணக்கு. 3 கிலோவாட் போட்டால் அந்தப் பசுமை வீட்டின் முழுப் பரப்பும் போய்விடும். அதையும் முப்பது வயசு தாண்டிய தளத்தின் மேல் ஏற்றுகிறோம். 25 வருஷம் கழித்து பேனல் ஓய்வு பெறும்போது அந்தத் தளத்துக்கு வயசு 55 இருக்கும். அப்படியானால் முதலில் விசாரிக்க வேண்டியது பேனலின் பிராண்டையா, கூரையின் உடம்பையா?

எடை பயமில்லை, காற்றுதான் பயம்

"டேங்கைத் தாங்குற மாடி, இதத் தாங்காதா?" என்று எல்லோரும் கேட்பார்கள். சரியான கேள்விதான். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

540 வாட் பேனல் ஒன்று சுமார் 28 கிலோ. 3 கிலோவாட்டுக்கு 6 பேனல், கிட்டத்தட்ட 170 கிலோ. இரும்புச் சட்டத்தையும் சேர்த்தால் 300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பேனல் பரப்பு 15 சதுர மீட்டருக்கு மேல். ஆக சதுர மீட்டருக்கு 20 கிலோ. ஆட்கள் நடமாடும் மொட்டைமாடிக்கு ஐ.எஸ். 875 இரண்டாம் பகுதி சொல்லும் நகரும் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ. ஆயிரம் லிட்டர் டேங்க் நிரம்பினால் ஒரு டன், அதுவும் ஒரே இடத்தில். ஆக ஆரோக்கியமான தளத்துக்கு பேனலின் எடை பெரிய விஷயமே இல்லை.

இப்போது மேல்நோக்கி யோசிங்க. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். நம்ம ஊரில் அது வெறும் பழமொழி இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளி வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பீறிட்டு வரும் இடங்கள் என்று தமிழ்நாட்டில் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம் ஆகிய கணவாய்களைச் சொல்வார்கள். ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கம் காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமே அதுதான். காற்றாலைக்காரன் காசு போட்டுத் தேடி வந்த காற்று, நம்ம மாடிக்கு இலவசமாகவே வருகிறது.

பேனல் என்பது ஒரு தட்டையான பலகை. சாய்த்து வைத்தால் அது பாய்மரம். ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியின் வரைபடத்தில் மதுரைக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 140 கிலோமீட்டர். காற்றழுத்தம் என்பது 0.6 பெருக்கல் வேகத்தின் வர்க்கம். 39ஐப் போட்டால் சதுர மீட்டருக்கு 900 நியூட்டனுக்கு மேல். பேனல் ஒன்றின் பரப்பு 2.6 சதுர மீட்டர். அழுத்தக் கெழுவை 1 என்று எளிமையாக வைத்தால், ஒரு பேனலைத் தூக்கும் விசை சுமார் 240 கிலோ எடைக்குச் சமம். ஆறு பேனலுக்கு 1,400 கிலோவைத் தாண்டும். மொத்த அமைப்பின் எடையே 300 கிலோதான்! கீழே அமுக்கும் எடையைப் போல நாலைந்து மடங்கு மேலே இழுக்கும் விசை. கெழு சாய்வைப் பொறுத்து மாறும், சிவில் நண்பர்கள் திருத்திக்கொள்ளலாம். ஆனால் கதையின் போக்கு மாறாது.

"140 கிலோமீட்டர் வேகம் நம்ம ஊருக்கு என்னைக்கு வந்துச்சு?" என்று கேட்பீங்க. சரி, விநாடிக்கு 15 மீட்டர், மணிக்கு 54 கிலோமீட்டர் என்று வைத்துப் பாருங்க. அதே கெழுவில் ஒரு பேனலுக்கு 35 கிலோ, அதன் எடையைவிட அதிகம். ஆடிக் காற்று ஒரே நாளில் பேனலைப் பிடுங்காது. தினமும் ஆட்டி ஆட்டி நட்டைத் தளர்த்தும். பிறகு ஏதோ ஒரு சித்திரை மாதக் கோடைமழைச் சூறை, வாழைத்தோட்டங்களைச் சாய்க்கிற அதே சூறை, வந்து மிச்ச வேலையை முடிக்கும். வரைபட எண்ணில் மலை, பள்ளத்தாக்கு போன்ற உள்ளூர் நில அமைப்பின் விளைவு அடங்கவில்லை, அதைத் தனியாகப் பார்க்கணும் என்று அந்தத் தரநூலே சொல்கிறது. மதுரைக்குப் போட்ட டிசைனை அப்படியே கூடலூருக்குக் கொண்டுவரக்கூடாது என்று அதற்கு அர்த்தம்.

2017இல் இர்மா, மரியா என்ற இரண்டு புயல்கள் கரீபியன் தீவுகளைப் புரட்டிப் போட்டன. பல சோலார் அமைப்புகள் சிதறின. சில அப்படியே நின்றன. பின்னால் போய்ப் பார்த்த பொறியாளர்கள் கண்டது பெரிய ரகசியம் எதுவும் இல்லை: தளர்ந்த போல்ட், பிடி போதாத கிளாம்ப், பக்கவாட்டு முட்டு இல்லாத சட்டம். ஒரு கிளாம்ப் இரண்டு பேனலைப் பிடித்திருந்தால், ஒன்று போனதும் பக்கத்துப் பேனலும் போனது. புயல் ஒன்றுதான். நின்றதையும் பறந்ததையும் பிரித்தது சில ரூபாய் நட்டும் போல்ட்டும்.

நம்ம ஊரில் இன்னொரு ஆசையும் உண்டு. "துணி காயப் போடணும், வத்தல் போடணும், எட்டடி உயரத்துல சட்டம் அடிச்சுக் குடுங்க" என்று வீட்டுக்காரரே கேட்பார். கீழே நிழலும் கிடைக்கும், ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் கால் உயர உயர அதன் அடியில் விழும் திருப்புவிசையும் ஏறிக்கொண்டே போகும். தாழ்வாக, கைப்பிடிச் சுவர் மறைவில் இருந்தால் தப்பிக்கும் பேனல், தூக்கி வைத்தால் நேராகக் காற்றின் முகத்தில் நிற்கும். தளத்தின் ஓரங்களிலும் மூலைகளிலும் உறிஞ்சும் விசை இன்னும் அதிகம். உயரம் வேண்டும் என்றால் போடலாம், ஆனால் யாராவது கணக்குப் போட்டிருக்கணும். வெல்டர் கண்ணளவில் முடிவு பண்ணக்கூடாது.

மூணு இஞ்ச் ஏமாற்று

தூக்கும் விசையைப் பிடித்து நிறுத்துவது நங்கூர போல்ட். அது எதைப் பிடித்திருக்கிறது?

நம்ம பக்கத்து மாடிகளில் மேலே தெரிவது தட்டோடு. அதற்குக் கீழே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த அடுக்கு, சுமார் மூணு இஞ்ச். அதற்கும் கீழேதான் நாலோ ஐந்தோ இஞ்ச் காங்கிரீட். மேல் அடுக்கின் வேலை மழையையும் வெயிலையும் தடுப்பது. போல்ட்டைப் பிடிக்கிற வலு அதற்குக் கிடையாது. நாலு இஞ்ச் போல்ட்டை இறக்கினால் மூணு இஞ்ச் சுண்ணாம்பிலும் ஒரு இஞ்ச் காங்கிரீட்டிலும் நிற்கும். கையால் ஆட்டிப் பார்த்தால் உறுதியாகத்தான் தெரியும். அதே சமயம் மழையைத் தடுக்கும் அடுக்கில் துளையும் போட்டாச்சு. அத்தை வீட்டில் நடந்தது இதுதானோ என்பது என் சந்தேகம். நிரூபிக்கத்தான் வழியில்லை.

ஆழமாகத் துளைத்தால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. தளத்தின் கம்பியில் பட்டால் இன்னொரு வம்பு. "ஓட்டையே போட மாட்டோம், காங்கிரீட் கட்டை வச்சு அதுமேல நிறுத்துவோம்" என்பவர்களும் உண்டு. ஒழுகல் பயம் குறையும். ஆனால் 1,400 கிலோ இழுப்புக்கு எத்தனை கட்டை வேண்டும், அத்தனை கட்டையை அந்தத் தளம் தாங்குமா என்று மறுபடி கணக்குக்கே வருவோம். காற்றுக்கு வேண்டிய எடையும் கூரைக்கு வேண்டாத எடையும் ஒரே எடைதான்.

கம்பம் பக்கம் பன்னீர் திராட்சைக்குப் பந்தல் போடுவதைப் பார்த்திருப்பீங்க. கல்தூண் ஊன்றுகிறவர் கொடியின் எடையை மட்டுமா நினைக்கிறார்? ஓரத் தூணுக்கு இழுகம்பி கட்டி மண்ணில் புதைக்கிறாரே, எதற்கு? பந்தல் சாய்வது கனத்தால் மட்டும் இல்லை, இழுப்பாலும்தான் என்று அவருக்குத் தெரியும். நாம் நாலு வருஷம் படித்துவிட்டு அதை மறந்தால் எப்படி?

எல்லா மாடியும் ஒன்றல்ல

காங்கிரீட் தளம் என்றாலே தூண் வைத்துக் கட்டியது என்று நினைக்காதீங்க. பழைய வீடுகளில் பெரும்பாலும் செங்கல் சுவர்தான் தளத்தைத் தாங்குகிறது. அங்கே சட்டத்தின் கால் சுவருக்கு நேர் மேலே வரணும், ரூமின் நடுவில் இறங்கக்கூடாது. போடி, பெரியகுளம் மாதிரி ஊர்களின் பழைய தெருக்களில் மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் இருந்தால், வெளியில் பார்க்க அதுவும் மொட்டைமாடிதான். உள்ளே உத்தரத்தைக் கரையான் தின்றிருந்தால் பேனல் என்ன, நாலு பேர் ஏறுவதே ஆபத்து. ஓட்டு வீட்டில் பிடிமானம் ஓட்டில் கிடையாது, கைமரத்தில். அதைத் தட்டிப் பார்க்காமல் தொடக்கூடாது.

அடுத்து ஷீட் கூரை. போடியில் ஏலக்காய் குடோன்கள், தேனியைச் சுற்றி மில்கள், பட்டறைகள், கோழிப்பண்ணைகள் என்று இடம் நிறைய. தகர ஷீட்டில் பேனலை ஷீட்டோடு மட்டும் பிணைக்கக்கூடாது. கீழே போகும் பர்லின் இரும்போடு பிணைக்கணும். பர்லின் துருப்பிடித்திருந்தால் முதலில் அதை மாற்றணும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் இன்னும் கவனம். அது காலுக்குக் கீழே சொல்லாமல் உடையும். மேலே ஏறுகிறவர் தினக்கூலிக்கு வந்த, நம்ம வயசுப் பையன். கூரையை முன்கூட்டியே பார்ப்பது வீட்டுக்காரரின் பணத்துக்காக மட்டும் இல்லை, அந்தப் பையனின் முதுகெலும்புக்காகவும்தான்.

நிழலுக்கும் காலண்டர் உண்டு

இது இ.இ.இ. நண்பர்களுக்கு. பேனல்கள் வரிசையாகத் தொடர் இணைப்பில் இருக்கும். ஒன்றின் மூலையில் டேங்க் நிழல் விழுந்தால் இழப்பு அந்த மூலையோடு நிற்காது, மொத்த வரிசையின் உற்பத்தியையும் இழுக்கும். பைபாஸ் டயோடு ஓரளவு காப்பாற்றும், முழுசாக அல்ல.

இடம் பார்க்க வருகிறவர் வருவது ஒரு நாள், ஒரு மணி நேரம். சூரியன் வருஷம் முழுக்க நகர்ந்துகொண்டே இருக்கிறது. நாம் இருப்பது ஏறக்குறைய 10 டிகிரி வட அட்சரேகையில். சித்திரை பிறக்கும் நாட்களில் நடுப்பகலில் நம்ம நிழல் காலடியிலேயே சுருண்டுவிடும். அதிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். ஆகவே "தெற்குப் பக்கம் மறைப்பு இல்ல, அது போதும்" என்பது பாதிக் கணக்கு. வடக்கே நிற்கும் மாடிப்படி அறையையும் பார்க்கணும். டிசம்பரில் நேர் எதிர். மார்கழி மாதம் காலை 9 மணிக்கு ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல் நீளும். மூணடி கைப்பிடிச் சுவர் ஐந்தடிக்கு நிழல் போடும். ஆறடி டேங்க்? நீங்களே பெருக்கிக்கோங்க.

பிறகு மலை. போடி, தேவாரம், கோம்பை எல்லாம் மேற்கு மலையின் மடியில் இருக்கும் ஊர்கள். அங்கே சூரியன் அடிவானத்தில் மறைவதில்லை, மலைக்குப் பின்னால் சீக்கிரமே போய்விடும். கடைசி நேர வெயிலில் உற்பத்தி குறைவுதான், அதற்காகப் பயந்து சோலாரே வேண்டாம் என்று விட வேண்டியதில்லை. ஆனால் சமவெளியில் ஒரு பேனல் தரும் யூனிட்டை அப்படியே எழுதிக் காட்டி மலையடிவாரத்தில் விற்பது சரியில்லை. கடைசியாக, பக்கத்துக் காலி மனையையும் பாருங்க. அடுத்த வருஷம் அங்கே இரண்டு மாடி எழும்பினால் உங்க 25 வருஷக் கணக்கு என்ன ஆகும்? அந்த வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டு வைப்பதும் கூரை ஆய்வில் சேர்த்திதான்.

கூரையை எங்கிருந்து பார்ப்பது?

கீழே இருந்து. ஆச்சரியமாக இருக்கா? தளத்தின் நோய் முதலில் தெரிவது வீட்டுக்குள் அண்ணாந்து பார்த்தால்தான். பழுப்பு நிறக் கோடு தெரிந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. பூச்சு உப்பி, சுத்தியலால் தட்டினால் டொக்கு சத்தம் கேட்டால், காங்கிரீட் கம்பியை விட்டுப் பிரிகிறது. பெயிண்ட் அடித்து மறைத்த ஈரத்தடம் எங்கே என்று வீட்டுப் பெண்களைக் கேளுங்க, கையைக் காட்டிச் சொல்வாங்க. மழைநாளில் வாளி வைப்பது அவங்கதானே.

அடுத்து மேலே. தண்ணீர் எங்கே தேங்குகிறது, தட்டோட்டின் இணைப்பு எங்கே விட்டிருக்கிறது, கைப்பிடிச் சுவர் விரிசல் எப்படிப் போகிறது. பிறகு அந்தத் தளம் போட்ட கொத்தனார். ஊரில் இன்னும் இருந்தால் அவர்தான் முதல் சாட்சி. நம்ம பக்கத்து வீடுகள் பலவற்றுக்கு வரைபடம் கிடையாது, அவர் ஞாபகம்தான் வரைபடம். எத்தனை எம்.எம். கம்பி, எத்தனை இஞ்ச் கனம், எந்தச் சுவர் பின்னால் சேர்த்தது என்று டீ வாங்கிக் கொடுத்தால் சொல்லிவிடுவார்.

நம்ம சிவில் லேபில் தூங்கிக்கொண்டிருக்கும் ரீபவுண்ட் ஹேமரையும் எழுப்பலாம். ஆனால் அது காட்டுவது மேற்பரப்பின் கடினத்தை மட்டும். அந்த எண்ணை வைத்து "தாங்கும்" என்று தீர்ப்புச் சொல்லக்கூடாது. சந்தேகம் வந்தால் தகுதி பெற்ற கட்டமைப்புப் பொறியாளரிடம் அனுப்பணும்.

இத்தனையும் பார்த்த பிறகு பதில் "போடலாம், போடக்கூடாது" என்று இரண்டு மட்டும் இல்லை. "முதலில் தளத்தைச் செப்பனிடுங்க, பிறகு போடுங்க" என்பது ஒரு பதில். "3 வேண்டாம், முன்பக்கத்தில் 2 கிலோவாட் போடுங்க" என்பது ஒரு பதில். "மாடியை விடுங்க, கொல்லையில் தனி அடித்தளம் போட்டு நிறுத்துங்க" என்பதும் பதில்தான். வேண்டாம் என்று சொல்லும் தைரியம் இல்லாத ஆய்வு வெறும் போட்டோ எடுப்புதான்.

நாம் என்ன செய்யலாம்?

இப்படியெல்லாம் பேசினால் ஜனங்க பயந்து சோலாரே போட மாட்டாங்க என்று ஒரு நண்பன் சண்டைக்கு வந்தான். அவன் சொல்வதில் பாதி நியாயம் இருக்கு. நல்ல கூரை உள்ள வீட்டுக்காரரைப் பயமுறுத்துவது பாவம். ஆனால் யோசிச்சுப் பாருங்க: ஒரு தெருவில் ஒரு பேனல் பறந்தால், ஒரு வீடு ஒழுகினால், அந்தத் தெருவில் அடுத்த பத்து வருஷம் யார் போடுவாங்க? என் அத்தை பக்கத்து வீட்டுக்காரங்க விண்ணப்பத்தையே நிறுத்தி வச்சிருக்காங்க. சோலாருக்கு எதிராகப் பிரசாரம் செய்ய அந்த ஒரு வாளி போதும்.

அதனால் என் யோசனை இது. ஒரே ஒரு பக்கம், தமிழில். பெயர் 'கூரைச் சீட்டு' என்று வைக்கலாம். கூரையின் வகை, வயசு, கீழே பார்த்தது, மேலே பார்த்தது, தட்டோட்டு அடுக்கின் கனம், போல்ட் காங்கிரீட்டுக்குள் இறங்க வேண்டிய ஆழம், கால்கள் வர வேண்டிய இடம், சட்டத்தின் உயரம், டிசம்பர் நிழல், ஜூன் நிழல். பத்தே வரி. கூடவே எட்டுப் போட்டோ, தேதியோடு. ஒரு பிரதி வீட்டுக்காரருக்கு, ஒன்று பேனல் போடுகிறவருக்கு. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால்.

இதை யார் நிரப்புவது? நாம்தான். சிவில் ஒருத்தர், இ.இ.இ. ஒருத்தர், அந்த ஊர்க்காரர் ஒருத்தர் என்று மூணு பேர் இருந்தால் ஒரு வீட்டுக்கு அரை நாள் போதும். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் மரம் நடுகிறோம், கோயில் குளம் சுத்தம் செய்கிறோம். ஒரு முகாமில் பத்துக் கூரை பார்த்தால் என்ன? நாம் கொடுப்பது சான்றிதழ் இல்லை, முதல் பார்வை மட்டும் என்பதைச் சீட்டிலேயே எழுதிடணும். சிவப்புக் குறி விழுந்தால் ஒரு ஆசிரியரோ உரிமம் பெற்ற பொறியாளரோ பார்க்கணும். நாம் அளவு மீறிப் பேசக்கூடாது. ஆனால் பேசாமலும் இருக்கக்கூடாது.

பேனல் போடும் நல்ல தொழில்காரர்களுக்கும் இது லாபம்தான். ஏற்கனவே ஒழுகிய கூரைக்கு அவர்கள் பழி சுமக்க வேண்டாம். பராமரிப்பு 5 வருஷம் அவர்கள் பொறுப்பு. அந்த 5 வருஷமும் நிம்மதியாகப் போக, முதல் நாள் எழுதிய ஒரு தாள் போதும்.

அடுத்த ஆடிக்கு இன்னும் நாள் இருக்கு. அதற்குள் ஒன்று செய்யுங்க. இந்த வாரம் ஊருக்குப் போகும்போது உங்க வீட்டு மாடிக்கு ஏறுவதற்கு முன்னால், நடு ரூமில் நின்று ஒரு நிமிஷம் அண்ணாந்து பாருங்க. பழுப்புக் கோடு இருக்கா, டொக்கு சத்தம் கேட்குதா என்று பார்த்து, தேதி போட்டு, போட்டோ எடுத்து வைங்க. பேனல் போடப் போறீங்களோ இல்லையோ, அந்தப் போட்டோ இருக்கட்டும்.

அத்தை வீட்டில் அது இல்லாமல்தான் இன்னும் வாளி வைத்துக்கொண்டிருக்கிறோம்.